மனச்சோர்வு மருந்து எடுக்கும்போது முதுகுவலி மாத்திரை சாப்பிடலாமா?

மருந்துக்கடையில் முதுகுவலிக்கு மாத்திரை கேட்டால், மருந்தாளர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

ரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை என்றால் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். மனச்சோர்வுக்கான மருந்து என்றால் பலருக்கு வாய் வருவதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர் தெரிந்தவராக இருக்கலாம். "அதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் தோன்றலாம்.

சம்பந்தம் இருக்கிறது. முதுகுவலிக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் சில மாத்திரைகள், மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சில மாத்திரைகள் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை போகலாம். இன்னும் சில, வேலையே செய்யாமல் போகலாம்.

சிங்கப்பூரில் ஒருவர் மனநல மருத்துவரை ஓரிடத்தில் பார்ப்பார். முதுகுவலிக்கு வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்குப் போவார். அதுவும் கேட்காவிட்டால் பாரம்பரியச் சீன மருத்துவம், ஜொகூரில் வாங்கிய மாத்திரை, ஊரிலிருந்து மாமா கொண்டுவந்த அட்டை என்று பட்டியல் நீளும். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் கடையில் நீங்களே வாங்கியதும் ஊரிலிருந்து வந்ததும் அதில் இருக்காது. முழுப் பட்டியலும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வலியும் மனச்சோர்வும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகம் முழுவதும் சுமார் 619 மில்லியன் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050க்குள் அது 843 மில்லியனாகலாம் என்பது கணிப்பு.

வலி நீண்டால் தூக்கம் கெடும், வேலை தடைபடும், வெளியே போவது குறையும், மனமும் சோர்ந்துபோகும். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கீழே இறங்கும் சில நரம்புப் பாதைகள், வலிச் சமிக்ஞையை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் குறிவைப்பதும் இதே இரண்டையும்தான்.

ஆகவே "எல்லாம் மனசுல இருக்கிற வலி" என்று யாராவது சொன்னால், அது தவறு. வலி உண்மையானது. மருந்துப் பட்டியலைச் சொன்னால் மருத்துவரே அப்படி நினைத்துவிடுவாரோ என்ற பயம் பலர் வாயை மூடிவைக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறைத்தால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது.

முதல் சிக்கல்: வயிறும் ரத்தமும்

மனச்சோர்வுக்கு இன்று அதிகம் எழுதித்தரப்படுவது எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள். ஃபுளுவாக்சட்டீன், செர்ட்ராலீன், எசிட்டலோபிராம், பாராக்சட்டீன், ஃபுளுவாக்சமீன் ஆகியவை இந்தக் குடும்பம். வென்லாஃபாக்சின், டுலாக்சட்டீன் இரண்டும் எஸ்என்ஆர்ஐ என்ற பங்காளிக் குடும்பம்.

முதுகுவலிக்கு அதிகம் வாங்கப்படுவது அழற்சியைக் குறைக்கும் வலிநிவாரணிகள். ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் ஆகியவை இதில் சேரும். கடையில் நியூரோஃபென், சின்ஃபிளெக்ஸ், வோல்டரன், போன்ஸ்டன் என்று கேட்டு வாங்குகிறோமே, அவைதான்.

இந்த இரண்டு குடும்பமும் சேர்ந்தால் என்ன ஆகும்? காயம் பட்டால் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். ஒட்டுவதற்கு அவற்றுக்கு செரட்டோனின் உதவுகிறது. தட்டணுக்களால் செரட்டோனினைத் தாமாகத் தயாரிக்க முடியாது. ரத்தத்திலிருந்துதான் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ மருந்து மூளையில் எந்தக் கதவை மூடுகிறதோ, அதே கதவைத் தட்டணுவிலும் மூடிவிடுகிறது. அதனால் ரத்தம் உறைவது கொஞ்சம் மந்தமாகிறது.

வலிநிவாரணி மறுபக்கத்திலிருந்து வேலையைக் காட்டுகிறது. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பொருள் சுரப்பதை அது குறைக்கிறது. சுவரில் புண் வர வாய்ப்பு கூடுகிறது. ஒன்று ஓட்டை போடுகிறது. மற்றொன்று அதை அடைக்கவிடாமல் தாமதப்படுத்துகிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மேல்வயிற்று ரத்தக்கசிவு அபாயம், இரண்டையும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 4 மடங்காக இருந்தது. இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆரோக்கியமான இளவயதினருக்கு இந்த அபாயம் தொடக்கத்திலேயே மிகக் குறைவு. குறைவான ஒன்றின் 4 மடங்கும் குறைவாகவே இருக்கும். 65 வயதைத் தாண்டியவர், முன்பு வயிற்றுப்புண் வந்தவர், ஆஸ்பிரின் அல்லது ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர், ஸ்டீராய்டு எடுப்பவர், தினமும் மது அருந்துபவர் ஆகியோருக்குத்தான் கணக்கே மாறிவிடுகிறது.

அப்படியானால் இந்த மாத்திரையே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இந்த வகை மருந்துக்கு ஓரளவு பலன் உண்டு. மருத்துவர் தெரிந்தே கொடுத்தால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று கொடுப்பார். அபாயம் அதிகமுள்ளவருக்கு ஓமெப்ரசோல் போன்ற வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரையும் சேர்ப்பார். இங்கேயும் ஒரு சின்னக் கண்ணி: ஓமெப்ரசோல், உடலில் எசிட்டலோபிராம் அளவைக் கூட்டக்கூடியது. அதற்கேற்ப அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும், நீங்கள் எசிட்டலோபிராம் எடுப்பது அவருக்குத் தெரிந்திருந்தால்.

இங்கு மருந்தகங்களில் அதிகம் எழுதித்தரப்படும் எட்டோரிகாக்சிப், அதாவது ஆர்காக்சியா, வயிற்றுக்குக் கொஞ்சம் இதமானது. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். வென்லாஃபாக்சின், டுலாக்சட்டீன் மருந்துகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் வீட்டில் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

லித்தியம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனச்சோர்வு மருந்தோடு லித்தியமும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. மேலே சொன்ன வலிநிவாரணிகள் சிறுநீரகம் வழியாக லித்தியம் வெளியேறுவதைக் குறைத்து, ரத்தத்தில் அதன் அளவை நச்சுநிலைக்கு ஏற்றிவிடலாம். லித்தியம் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றில் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது.

இரண்டாவது சிக்கல்: டிரமடோல்

வலி கடுமையானால் சிலருக்கு டிரமடோல் எழுதித்தருகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இங்கு வாங்க முடியாது. ஆனால் முன்பு கொடுத்ததில் மிச்சம், கணவருக்குக் கொடுத்தது மனைவிக்கு என்று வீட்டு இழுப்பறையில் இருப்பது வழக்கம்தான்.

டிரமடோல் பார்க்க வலி மாத்திரைதான். உள்ளுக்குள் அது பாதி ஓபியாய்டு, பாதி மனச்சோர்வு மருந்து மாதிரி நடந்துகொள்ளும். செரட்டோனினை அதுவும் கூட்டும். ஏற்கெனவே எஸ்எஸ்ஆர்ஐ எடுப்பவருக்கு இது சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிப் போகலாம். இதற்கு செரட்டோனின் நோய்க்குறி என்று பெயர். கைகால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, ஓரிடத்தில் உட்கார முடியாத அமைதியின்மை, தசைத் துடிப்பு ஆகியவை அறிகுறிகள். கடுமையானால் அதிகக் காய்ச்சலும் குழப்பமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் புதிய மாத்திரை சேர்ந்த அல்லது அளவு கூடிய 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எல்லாருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனால் வந்தால் "பதற்றமா இருக்கு, மனசு சரியில்ல" என்று நினைத்துவிடுவதால்தான் தாமதமாகிறது. டிரமடோல் வலிப்பு வரும் அபாயத்தையும் கூட்டும். மனச்சோர்வு மருந்து சேர்ந்தால் அது மேலும் கூடும்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. டிரமடோல் விழுங்கியதும் முழு வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வலுவான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஃபுளுவாக்சட்டீனும் பாராக்சட்டீனும் அந்த நொதியைத் தடுத்துவிடுகின்றன. விளைவு? வலி குறையாது, பக்கவிளைவு மட்டும் இருக்கும். கோடீன் கதையும் இதுவே. "ரெண்டு போட்டும் கேட்கலையே" என்று மூன்றாவதை எடுக்கும் கை, இங்கேதான் நிற்க வேண்டும். உங்கள் உடம்பு பிடிவாதம் பிடிக்கவில்லை. மாத்திரைகள் ஒன்றையொன்று மறிக்கின்றன.

மொக்லோபெமைட் போன்ற எம்ஏஓஐ வகை மருந்து எடுப்பவர்களுக்கு டிரமடோல் அறவே கூடாது. முதுகுவலியோடு இருமலும் வந்தால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தும் செரட்டோனினைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள். "மனதுக்கு இதமான மூலிகை" என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் அப்படித்தான்.

பனடோல் போடலாமா?

போடலாம். பாராசிட்டமோல், பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகளோடு பெரிதாக மோதுவதில்லை. கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. எடை குறைந்தவர்களும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் அதற்குக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு வேறு, பலன் வேறு. ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு பாராசிட்டமோல் வெறும் மாத்திரையைவிட வேகமாகக் குணம் தரவில்லை என்று காட்டியது. சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதில் பயனில்லை.

இன்னொன்று: அனாரெக்ஸ் என்ற தசை இறுக்க மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமோல் இருக்கிறது. சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. பனடோல், அனாரெக்ஸ், சளி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வரம்பு தெரியாமலே தாண்டிவிடும்.

தூக்கம் வரவைக்கும் கூட்டணி

அனாரெக்ஸில் பாராசிட்டமோலோடு இருப்பது ஆர்ஃபெனட்ரின். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், மறதி, குழப்பம் எல்லாம் இதன் பக்கவிளைவுகள். நரம்புவலிக்கும் தூக்கத்துக்கும் குறைந்த அளவில் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினுக்கும் இதே பக்கவிளைவுகள் உண்டு. இரண்டும் சேர்ந்து மூத்தோருக்குப் போனால், "அப்பாவுக்குத் திடீர்னு ஞாபகம் தடுமாறுது" என்று பிள்ளைகள் பதறும் நிலை வரலாம்.

அமிட்ரிப்டிலின் பழைய தலைமுறை மனச்சோர்வு மருந்து. முதுகுக்குக் கொடுத்த மருத்துவர் அதை வலி மருந்தாகவே பார்ப்பார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஏற்கெனவே ஃபுளுவாக்சட்டீன் அல்லது பாராக்சட்டீன் எடுப்பவருக்கு அது ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தேங்கி, இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்.

காலுக்கு இறங்கும் வலிக்குக் கொடுக்கப்படும் பிரிகாபலின், காபாபென்டின் இரண்டும் தூக்கம் தரும், தலைசுற்றும். இரவில் மிர்ட்டாசபீன் எடுப்பவருக்கு இதுவும் சேர்ந்தால், நள்ளிரவில் கழிவறைக்கு எழும்போது விழும் அபாயம் அதிகம். மூத்தோர் விஷயத்தில் இதை நான் முதலில் வைப்பேன். வயதான காலத்தில் ஒரு விழுகை பல மாதங்களை விழுங்கிவிடும். வாகனம் ஓட்டுபவர்களும் பளுதூக்கி இயக்குபவர்களும் முதல் சில நாள்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரே மாத்திரையில் இரண்டையும் பார்க்க முடியாதா?

மருத்துவரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது. டுலாக்சட்டீன் மனச்சோர்வுக்கும் தரப்படுகிறது. சில நாடுகளில் நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கும் அனுமதி பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் அந்த அனுமதி 2010இல் வந்தது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி, மருந்தில்லாச் சிகிச்சைகளும் வழக்கமான வலிநிவாரணிகளும் பலன் தராத நாள்பட்ட முதுகுவலிக்கு இதை அடுத்த தெரிவாகச் சொல்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ, முதுகுவலிக்கென்று மட்டும் மனச்சோர்வு மருந்து தர வேண்டாம் என்கிறது. நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்பதே நிலவரம். சராசரியாகக் கிடைக்கும் வலிக் குறைப்பு சிறியது. வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

மனச்சோர்வும் முதுகுவலியும் இரண்டுமே இருப்பவருக்கு, இருக்கும் மருந்தும் சரியாகக் கேட்கவில்லை என்றால், மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் எஸ்எஸ்ஆர்ஐயின் மேல் டுலாக்சட்டீனைச் சேர்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மாற்றும் வேலையை மனநல மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதிகம் மது அருந்துபவர்களுக்கும் அது பொருந்தாது.

தைலம், பிளாஸ்திரி, ஜொகூர் மாத்திரை

கோடாலித் தைலமும் டைகர் பாமும் இல்லாத வீடு இங்கே குறைவு. மேலே தடவும் வலிநிவாரணிக் களிம்பிலிருந்தும் பிளாஸ்திரியிலிருந்தும் ரத்தத்துக்குள் போகும் மருந்து, மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மனச்சோர்வு மருந்து எடுப்பவருக்கு மாத்திரையைவிட இது பாதுகாப்பான முதல் படி. ஆழமான முதுகுவலியைவிட மூட்டுவலிக்குத்தான் இவை நன்றாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகு முழுக்க நான்கைந்து பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்; சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே போகும், தோலும் வெந்துபோகலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள், மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை அடிக்கடி தாராளமாகத் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும் மாத்திரைகளில் இன்னொரு சங்கதி. இந்தியாவில் வலி மாத்திரைகள் பல, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்தவை. அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமோலும் ஒரே மாத்திரையில் இருக்கும். அட்டையின் முன்பக்கம் வணிகப் பெயர்தான் பெரிதாகத் தெரியும். பின்பக்கம் திருப்பி என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் டப்பாவில் போட்டு வைத்தால் மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இணையத்திலும் சாலையோரக் கடைகளிலும் "மூலிகை, பக்கவிளைவு இல்லை, ரெண்டே நாள்ல வலி போயிடும்" என்று விற்கப்படுபவைதான் மிக ஆபத்தானவை. சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணியும் லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி அதிசயமாகப் பறந்துபோனால், அதுவே சந்தேகத்துக்குக் காரணம். ஸ்டீராய்டு மனநிலையைக் குலைக்கும், எலும்பை மெலியவைக்கும், வயிற்று ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். நீண்ட நாள் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மீதியை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைக்கு வெளியே

2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதன்முறையாக வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உடற்பயிற்சித் திட்டங்கள், முதுகுத்தண்டைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை, மசாஜ், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் மனநலச் சிகிச்சை ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவை பெரும்பாலானவர்களுக்கு வழக்கமாகத் தேவையில்லை என்கிறது.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும் மனச்சோர்வுக்கும் பலன் தருபவை. எந்த மாத்திரையோடும் அவை மோதுவதில்லை.

சொல்வது எளிது. மனச்சோர்வு உள்ளவரிடம் "தினமும் நடங்க" என்பது, கால் உடைந்தவரிடம் ஓடச் சொல்வதைப் போல இருக்கும். அதனால் அரை மணி நேரம் என்று தொடங்க வேண்டாம். வீட்டுக்குக் கீழே இறங்கி 5 நிமிடம் நடந்துவிட்டு வந்தாலே போதும். வலி குறைந்த நாளில் விட்டதை எல்லாம் சேர்த்துச் செய்து, மறுநாள் படுத்துக்கொள்வது பலரும் மாட்டிக்கொள்ளும் சுழல். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்து, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுவதுதான் நிலைக்கும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்தால், பிசியோதெரபிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு வரி. "டிஸ்க் தேஞ்சுபோச்சு" என்று அறிக்கையில் படித்த நாளிலிருந்து மனம் ஒடிந்துபோனவர்கள் பலர். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகுவலியே இல்லாதவர்களில் 20 வயதில் 37 விழுக்காட்டினருக்கும் 50 வயதில் 80 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருக்கிறது. தலைமுடி நரைப்பதைப் போலத்தான் பெரும்பாலும்.

மனச்சோர்வு மருந்தை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீருமே?

இதைத்தான் செய்யக்கூடாது. முதுகுவலி மாத்திரைக்காக மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததைப் போன்ற உணர்வு வரலாம். பாராக்சட்டீன், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது அதிகம். மனச்சோர்வு திரும்பினால் வலியும் கூடத் தெரியும்.

நிறுத்தினாலும் உடனே மோதல் தீர்ந்துவிடாது. ஃபுளுவாக்சட்டீன் உடலை விட்டுப் போக சுமார் 5 வாரம் வரை ஆகலாம். ஆகவே அண்மையில் நிறுத்திய மருந்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது?

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் கைப்பேசியில் மாத்திரை அட்டைகளின் படத்தை எடுத்துக் காட்டுங்கள். மருந்தகத்தில் வாங்கிய மருந்துப் பையின் லேபிளும் போதும். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. மருந்தின் பெயரும் அளவும் போதும்.

"நான் தினமும் செர்ட்ராலீன் 50 மில்லிகிராம் எடுக்கிறேன். இதோட இந்த வலி மாத்திரை சேருமா?" இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்றாலும் மருந்தாளரிடம் கேட்கலாம், மறுக்கமாட்டார்கள். அம்மா, அப்பாவுக்கு மருந்து வாங்கப் போகும் பிள்ளைகளும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

மனநல மருத்துவரிடமும் முதுகைப் பற்றிச் சொல்லுங்கள். "அவர் மனசுக்குத்தானே டாக்டர்" என்று பலர் சொல்வதில்லை. எந்த வலி மாத்திரை சேரும், எது சேராது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கக்கூடியவர் அவர்தான்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், காப்பித் தூள் போல வாந்தி வந்தால், மயக்கம் வந்தால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். நடுக்கம், காய்ச்சல், குழப்பம், தசைத் துடிப்பு சேர்ந்து வந்தால் செரட்டோனின் கூடியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே 995ஐ அழையுங்கள் அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதுகுவலியோடு தொடைகளின் உட்பகுதியும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் போனால் அல்லது கட்டுப்பாடின்றிப் போனால், இரண்டு காலும் பலமிழந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவு. சிறுநீர் தடைபடுவது மாத்திரையாலும் வரலாம். ஆனால் எதனால் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்த பிறகு வந்த வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளுக்கும் எலும்பு பலவீனத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சுட்டுவதால், மூத்தோருக்குத் திடீரென்று வந்த முதுகுவலியை "பழைய வலிதான்" என்று விட்டுவிடக்கூடாது. முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம்.

வலியும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்தும்போது "போதும், இனி முடியாது" என்ற எண்ணம் சிலருக்கு வருவதுண்டு. அப்படி வந்தால் வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவரிடம் கொடுத்துவைத்துவிட்டு, யாரிடமாவது பேசுங்கள். பின்வரும் எண்கள் நாள் முழுவதும் இயங்குகின்றன:

சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767
தேசிய மனநல உதவி எண்: 1771
மனநலக் கழகத்தின் உதவி எண்: 6389 2222